உப்புத்திட்டில் இருப்பவருக்கு

திராட்சை பறிப்பு மாதம், வளர்பிறை நான்காம் நாள்
உப்புத்திட்டு

லிசில்லாவுக்கு,

இதை எழுத ஈயம் தேடியதே பெரும்பாடு. கரையில் ஒதுங்கிக் கிடந்த பழைய வலையிலிருந்து குண்டுகளைப் பிய்த்து, கல்லால் தட்டித் தகடாக்கி, ஆணி முனையால் கீறிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பதினோரு வருஷமாக நான் எதையும் எழுதவில்லை.

நக்சோஸ் தீவு வியாபாரி ஒருவனின் கப்பலில் வந்தேன். நம் துறைக்குத் திரும்பும் முனையில் புதிதாக ஒரு மண்மேடு தெரிந்தது, உச்சியில் ஒரு துடுப்பு நட்டிருந்தது. யாருடையது என்று பக்கத்தில் நின்ற மாலுமியைக் கேட்டேன். "யாரோ கலிப்போஸாம். மேற்க போய் முழுகிட்டானாம். நல்ல சுக்கான்காரன்னு சொல்றாங்க" என்றான். நல்ல சுக்கான்காரன் என்று சொல்கிறார்களே என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். அதற்குப் பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

கரையில் நடந்ததை நீயே பார்த்தாய். மிர்த்தாலி மீன் கூடையைப் போட்டுவிட்டு, பேய் அண்டாமலிருக்கத் தன் மார்புத் துணிக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டாள். சின்ன வயதில் என்னோடு நண்டு பிடித்தவர்கள் எல்லாம் பின்வாங்கிப் போனார்கள். வேட்டைத் தேவியின் பூசாரியம்மா மட்டும் கையில் இலைக்கொத்தோடு எதிரே வந்து, என் மேல் கடல்நீரைத் தெளித்து, வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "உனக்குச் சடங்கு முடிஞ்சிருச்சுப்பா. பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டு அனுப்பியாச்சு. நீ திரும்பி வரக் கூடாது." பிறகு என்னைத் தனியே ஒரு படகில் ஏற்றி இந்தத் திட்டில் விட்டார்கள்.

இங்கே எனக்கு யாரும் நெருப்புக் கொடுப்பதில்லை. செத்தவன் தொட்ட நெருப்பு ஊருக்குள் திரும்பிவிடும் என்று பயமாம். உப்பள ஆட்கள் போட்டுவிட்டுப் போன குடிசையில் படுத்துக்கொண்டு எதிரே நம் வீட்டுப் புகையைப் பார்க்கிறேன். என் அப்பா கரைக்கே வரவில்லை. நீ வலைகள் காயும் இடத்தில் நின்றாய். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாய். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

ஒன்றே ஒன்றைச் சொல். உயிரோடு இருக்கிற என்னை எதற்காகப் புதைத்தாய்?

கலிப்போஸ்


திராட்சை பறிப்பு மாதம், வளர்பிறை ஆறாம் நாள்
துறை

உப்புத்திட்டில் இருப்பவருக்கு,

உங்கள் பெயரை நான் எழுதக் கூடாது. மூன்று தரம் கூப்பிட்டு முடித்த பெயரை நான்காம் தரம் கூப்பிட்டால் என்ன எழுந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இப்படி எழுதுகிறேன். இதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள்.

நான் ஓரடி முன்னால் வரவில்லையாம். மிர்த்தாலியும் இன்னும் இரண்டு பெண்களும் என் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரிந்திருக்காது. நான் உங்களைத் தொட்டிருந்தால் எனக்கும் தீட்டு, வீட்டுக்கும் தீட்டு. அடுப்பை அணைத்து, நடக்க முடியாத மாமாவை வெயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்திருக்கும். அதனால் நின்றேன். மறுநாள் பார்த்தால் இடுப்பில் அவர்கள் நகங்கள் பதிந்த தடம்.

எதற்காகப் புதைத்தாய் என்று கேட்டீர்கள். உங்களோடு கப்பலில் போனவர்களுக்கு அவரவர் வீட்டில் சடங்கு முடித்த பிறகும், ஒன்பது வருஷம் நான் புதைக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மாமா கெஞ்சினார். "அவன் ஆவி குளிர்ல அலையுதும்மா. கனவுல வந்து போர்வை கேக்கறான். ஒரு மேடு கட்டிருவோம்" என்பார். கனவிலேயே ஒரு போர்வையைக் கொடுத்து அனுப்புங்கள் என்று நான் சண்டை போட்டேன். மருமகளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று ஊர் பேசியது.

பிறகு அந்த மேலங்கி வந்தது. கொரிந்துக் கப்பல் ஒன்று தண்ணீர் பிடிக்க ஒதுங்கியபோது, ஒருவன் என் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து, ஒரு துணியை என் கையில் வைத்து, "மேற்கேருந்து குடுத்து விட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான். அவன் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. நைந்துபோன அந்தத் துணியின் ஓரத்தில் நான் நெய்த ஏழு மீன்கள் இருந்தன. ஏழாவதற்குக் கண் வைக்க மறந்திருந்தேன், அது அப்படியே இருந்தது. நம் துறையில் ஆள் வராமல் மேலங்கி மட்டும் வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? கடலில் போனவனின் கூட்டாளிகள் வீட்டுக்குக் கொண்டுவருவது அது ஒன்றைத்தானே.

முனையில் மேடு கட்டினோம். உள்ளே அந்தத் துணியை வைத்தோம். என் முடியை வெட்டி அதன் மேல் போட்டேன், அன்றிலிருந்து வளரவிடவில்லை. மூன்றாம் தரம் கூப்பிடும்போது எனக்குக் குரல் எழும்பவில்லை. மிர்த்தாலி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து கத்தினாள்.

போன வருஷத் திருவிழாவுக்கு ஒரு பாடகன் வந்திருந்தான். முன்னொரு காலத்தில் போருக்குப் போன ராஜாவுக்காகக் காத்திருந்த ஒரு ராணியைப் பற்றிப் பாடினான். எவ்வளவு பெரிய பாட்டு! கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நானும் அழுதேன். முடிந்ததும் அவனிடம் போய், அந்த அம்மா குளிர்காலத்துக்கு விறகுக்கு என்ன செய்தாள் என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அதையெல்லாம் பாடினா யாரும்மா உக்காந்து கேப்பாங்க?" என்றான்.

நான் கேட்டிருப்பேன்.

லிசில்லா

அப்பமும் உப்பு மீனும் ஒலிவக் காயும் அனுப்பியிருக்கிறேன். மிர்த்தாலி பாறை மேல் வைப்பாள். அவள் போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.


திராட்சை பறிப்பு மாதம், வளர்பிறை எட்டாம் நாள்
உப்புத்திட்டு

லிசில்லாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் தண்ணீருக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த மேலங்கியை அனுப்பியது நான்தான். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினேன். அவளே நெய்த துணி, பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். நம் துறை வழக்கம் ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை. அத்தனை வருஷம் வேற்றூரில் இருந்தவன் புத்தி அப்படிக் கெட்டுப்போயிருந்தது.

நான் இருந்தது கல் வெட்டியெடுக்கும் ஒரு குழி. கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவனைப் பிடித்து விற்றுவிட்டார்கள். எட்டு வருஷம் வெள்ளைக் கல்லை வெட்டினேன். முதலாளி சாகும்போது ஐந்து பேரை விடுவித்தார், அதில் நானும் ஒருவன். அந்த மேலங்கியைத்தான் அத்தனை வருஷமும் போர்த்திக்கொண்டிருந்தேன்.

கோபமாக எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். மூன்றாம் தரம் உனக்குக் குரல் எழும்பவில்லை என்ற வரியை விட்டு என் கண் நகரவில்லை. என்னை ஒருத்தி அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள், நான் எங்கோ ஒரு கூரையின் கீழ் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தப் பாட்டில் வராததை எனக்கு எழுது. விறகிலிருந்து தொடங்கு. எனக்கு இங்கே வேறு வேலை இல்லை.

கலிப்போஸ்

மிர்த்தாலியைக் கொஞ்சம் அடக்கி வை. பாறையில் கூடையை வைக்கும்போது, "செத்தவனுக்கு இவ்வளவு பசியா, உசுரோட இருந்தா ஊரையே தின்னுருப்பான்" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போகிறாள்.


உழவு மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்
துறை

உப்புத்திட்டில் இருப்பவருக்கு,

உங்களை என்ன செய்வது என்று கோயிலில் குறி கேட்கப் போன படகு நேற்றுத்தான் திரும்பியது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. அந்தச் செய்தியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விறகு.

முதல் குளிர்காலத்துக்கு நீங்கள் அடுக்கிவைத்துவிட்டுப் போனது போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு வேலியைப் பிரித்து எரித்தேன். மூன்றாவதில் கோடாரி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். வலது கை சுட்டுவிரல் இப்போது முழுதாக மடங்காது. தறியில் ஓடம் தள்ளும்போது அந்த விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். உழுவதற்கு நம் பசுவையும் கழுதையையும் சேர்த்துக் கட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வரப்பு கோணலாக வந்தது, ஆனால் பார்லி நேராகத்தான் முளைத்தது.

இதெல்லாம் உடம்புக்கு வந்த கஷ்டம், தூங்கினால் போய்விடும். கல்யாண வீடுகள்தான் என்னை நிறைய அழவைத்தன. சுமங்கலிகள் ஒரு பக்கம் உட்காருவார்கள், விதவைகள் ஒரு பக்கம். என்னை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியாது. நானே அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவேன். ஒன்பது வருஷம் இந்த ஊரில் நடந்த கல்யாணம் எதையும் நான் பார்த்ததில்லை. பாத்திரங்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய்ச் செக்குக்காரர் தெலேஸ் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று நாலு தரம் ஆள் அனுப்பினார். நல்ல மனுஷர். நான் மறுத்த வருஷம்கூடத் தன் மாடுகளை அனுப்பி நம் மேட்டு நிலத்தை உழுது கொடுத்தார். மாமாவே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "போயிரும்மா. எனக்காக உக்காந்திருக்காத" என்றார். "நான் உங்களுக்காக உக்காந்திருக்கல மாமா" என்று சொன்னேன். அன்று மாமா சாப்பிடவில்லை.

தூரத்தில் பாய் தெரிந்தால் முதல் மூன்று வருஷம் கரைக்கு ஓடினேன். பிறகு குன்றிலிருந்தே பாயின் நிறத்தைப் பார்த்து, நம்முடையது இல்லை என்று தெரிந்துகொள்ளப் பழகினேன். அதற்குப் பிறகு தறியைத் திருப்பிப் போட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அப்படியும் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது காலையில் எழுந்ததும் நேராகப் பின்சுவருக்குப் போகிறேன். திட்டில் ஓர் உருவம் நடக்கிறது. இடது தோள் கொஞ்சம் இறங்கிய அதே நடை. என் கையால் மண் போட்ட ஆள் அங்கே நடந்துகொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. சாமி கும்பிடுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்கிறேன்.

இனிக் குறி. "பிறந்த பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் இவனுக்குச் செய்யுங்கள், அவன் உயிருள்ளவர்களில் ஒருவனாவான்" என்று வந்திருக்கிறது. பூசாரியம்மா விளக்கிச் சொன்னாள். செத்துப்போனவர் வாசல் வழியாக வரக் கூடாது, கூரையைப் பிரித்துத்தான் உங்களை இறக்குவார்களாம். பெண்கள் குளிப்பாட்டித் துணியில் சுற்றுவார்கள். பால் கொடுத்தவள் ஒருத்தி உதட்டில் பால் வைப்பாள். பத்து நாளும் நீங்கள் பேசக் கூடாது. ஐந்தாம் நாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல, தகப்பன் தூக்கிக்கொண்டு அடுப்பை மூன்று சுற்று வர வேண்டும். பத்தாம் நாள் பெயர் வைப்பது. தகப்பன் தூக்காத பிள்ளை வீட்டுப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். தூக்கவில்லையென்றால் அடுத்த கப்பலில் உங்களை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் மறுபடி இங்கே கால் வைக்கக் கூடாது.

மாமா தூக்கமாட்டேன் என்கிறார். காரணம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

கேட்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. மேலங்கி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போதே நீங்கள் விடுதலையாகியிருந்தீர்கள். நல்ல காற்று இருந்தால் அங்கிருந்து இங்கே இருபது நாள். மேலங்கியை அனுப்பியவர் கூடவே ஏன் வரவில்லை? ஒரு வார்த்தைகூட ஏன் சொல்லி அனுப்பவில்லை?

லிசில்லா


உழவு மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்
உப்புத்திட்டு

லிசில்லாவுக்கு,

நீ கேட்பாய் என்று தெரியும். கேட்காமல் இருந்துவிடேன் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

விடுதலையானதும் துறைமுகத்துக்குத்தான் வந்தேன். கிழக்கே போகும் கப்பலில் இடமும் பிடித்தேன். கிளம்பும் அன்று காலையில் நம் கரை என் கண்ணுக்குள் வந்தது. அதில் பதினொரு பெண்கள் நின்றார்கள். நான் அழைத்துக்கொண்டு போன பதினொரு பேரின் பெண்டாட்டிகள். அவர்களுக்கு நடுவில் நான் மட்டும் இறங்கி வந்து, சௌக்கியமா என்று கேட்க வேண்டும். என்னால் முடியவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலையும் அப்படியே விட்டேன். மேலங்கியை மட்டும் அனுப்பினேன். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாததால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் துறைமுகத்தில் சாராயக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணோடு இரண்டு வருஷம் இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். சாடிகளைத் தூக்கி வைப்பேன், அவள் சோறு போடுவாள். எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அவளே ஒரு கப்பல்காரனைப் பார்த்து என்னை ஏற்றிவிட்டாள்.

மிர்த்தாலிக்குப் படிக்கத் தெரியாது, என் கடிதத்தையெல்லாம் உன்னை வாசிக்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். இதை அவளுக்குத் தனியே வாசித்துக் காட்டு. அவள் புருஷன் தேமாஸ் பாறை இருக்கிறது, கரைக்குத் திருப்பாதே என்று சொன்னான். நான்தான் சுக்கானைத் திருப்பினேன். உடைந்த பிறகு அவனும் நானும் ஒரே பலகையில் இருந்தோம். காலையிலிருந்து வெயில் சாயும்வரை. பலகை இருவரையும் தாங்கவில்லை, தண்ணீர் வாய்க்கு ஏறிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் கை பலகையில் இல்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, திட்டக்கூட இல்லை.

அப்பாவை வற்புறுத்தாதே. என்னைத் தூக்க வேண்டும் என்று யாரையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

கலிப்போஸ்


உழவு மாதம், வளர்பிறை ஒன்பதாம் நாள்
துறை

உப்புத்திட்டில் இருப்பவருக்கு,

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்ததும் தகட்டை நாலாக மடித்து ஆட்டுத் தொட்டியில் எறிந்தேன். பிறகு எடுத்துக் கழுவி மறுபடி படித்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொன்னீர்கள். இன்னும் ஆறு நாளில் பிறந்துவிடுவீர்கள், பிறந்த பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. செத்தவராக இருக்கும்போதே சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், நீங்கள் சாடி தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்காகச் சோற்றை மட்டும் நிறுத்தவில்லை.

மிர்த்தாலிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கையில் இருந்த மீனைச் செதில் போன பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவன் அப்படித்தான். சொல்லாம கொள்ளாம விட்டுக் குடுத்துருவான், கடைசி அப்பத்தக்கூட" என்றாள். எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து, "அங்க இருக்கிறவன்கிட்ட சொல்லு. அந்தப் பலகையில என் புருஷன் எடத்தையும் சேத்து எடுத்துக்கிட்டு வந்திருக்கான். ஒழுங்கா பொறக்கச் சொல்லு" என்றாள். குளிப்பாட்டும் பெண்களில் முதல் ஆளாகத் தான்தான் நிற்பேன் என்று பூசாரியம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் அவளோடு மீன் காயப்போட்டிருக்கிறேன், அவள் எவ்வளவு பெரியவள் என்று அன்றுதான் பார்த்தேன்.

மாமாவின் காரணமும் தெரிந்துவிட்டது. உங்கள் மேல் கோபமில்லை. இரண்டு குளிர்காலமாக அவர் கால்கள் நிற்பதில்லை, நான்தான் தூக்கி வெளியே கொண்டுபோய் உட்காரவைக்கிறேன். "நானே மேடு கட்டச் சொன்னேன். இப்ப அவனத் தூக்கிக்கிட்டு ரெண்டு அடி வைக்க முடியாம கீழ போட்டேன்னா ரெண்டாம் தரமும் நானே கொன்ன மாதிரி ஆகாதாம்மா?" என்று கேட்டு அழுதார்.

தகப்பனுக்கு முடியவில்லையென்றால் வீட்டில் வேறொருவர் தூக்கலாமா என்று பூசாரியம்மாவைக் கேட்டேன். யார் வேண்டுமானாலும் தூக்கலாமாம். ஆனால் தூக்கியவர்தான் அந்தப் பிள்ளையைப் பெற்றவராம். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். உங்களைத் தூக்க என் கைக்குத் தெம்பு உண்டு, இந்தப் பதினோரு வருஷம் அதையாவது கொடுத்திருக்கிறது. ஆனால் தூக்கினால் உங்களுக்குத் தாயாகிவிடுவேன். தூக்காவிட்டால் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

நான் உங்களுக்குத் தாயாக மாட்டேன். கோபத்தில் இருக்கும்போதும் அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. ஒரு வழி யோசித்திருக்கிறேன். பூசாரியம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அழாமல் இருந்தால் போதும். அழுதாலும் பரவாயில்லை, பிள்ளைகள் அழும்.

லிசில்லா


உழவு மாதம், தேய்பிறை பதினோராம் நாள்
அப்பா பனியாஸின் வீடு

லிசில்லாவுக்கு,

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்றுப் பெயர் வைத்த பிறகுதான் பேசலாம் என்றார்கள். உன்னைத் தேடினேன். சவம் போன வீட்டின் மருமகளாக இனி இங்கே இருக்கக் கூடாதென்று உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய் என்றார்கள். அதனால் ஒரே ஊரில் இருந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன்.

கூரை ஓட்டைப் பிரித்து என்னைக் கயிற்றில் இறக்கியபோது முதலில் தெரிந்தது புகை. நம் வீட்டுப் புகை. கீழே பெண்களின் கைகள் என்னை வாங்கிக்கொண்டன. மிர்த்தாலி என் தலையைத் தன் மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். காதுக்குள் போன உப்பையெல்லாம் விரலால் எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வாய் சும்மா இருந்தது அன்று ஒரு நாள்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் நடந்ததை என்னால் சரியாக எழுத முடியாது, இருந்தாலும் எழுதுகிறேன். கழுத்திலிருந்து கால்வரை துணி சுற்றி என்னால் அசைய முடியவில்லை. களத்தில் மாடு கட்டிப் போரடிக்கிற சறுக்குப் பலகையை நீ வீட்டுக்குள் கொண்டுவந்தாய். அதன் மேல் அப்பாவை உட்காரவைத்தாய். என்னை அவர் மடியில் கிடத்தினார்கள். அவர் இரண்டு கையாலும் என்னை அணைத்து, பலகையிலிருந்து ஒரு விரல் உயரம், ஒரே ஒரு விரல் உயரம், மேலே தூக்கினார். கடைசிவரை இறக்கவில்லை. நீ கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தாய்.

தூக்குகிறவர்தான் பெற்றவர் என்று சட்டம். இழுக்கிறவரைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. பூசாரியம்மாவின் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

பலகை தரையை உராய்ந்துகொண்டு நகர்ந்தது. படுத்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது உன் முதுகு மட்டும்தான். இரண்டு ஆண்களை, இந்த வீட்டில் மிச்சமிருந்த எல்லாவற்றையும், நீ தனியாக இழுத்துக்கொண்டு போனாய். முதல் சுற்றில் அப்பா அழுதார். இரண்டாவதில் நான் அழுதேன். மூன்றாவதில் உன் கால் ஒரு தரம் வழுக்கி முட்டி தரையில் பட்டது. யாரோ உதவிக்கு ஓடிவந்தார்கள், நீ தலையை அசைத்து வேண்டாம் என்றாய். எழுந்து மீதி வட்டத்தையும் முடித்தாய். பதினோரு வருஷம் நீ செய்ததை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன் என்று தோன்றியது.

வாசலில் ஒலிவ வளையம் மாட்டியிருக்கிறார்கள், ஆண் பிள்ளை பிறந்த வீடாம். அப்பா என் தாத்தாவின் பெயரை வைத்தார். இனி நான் லாம்பிஸ். பழைய பெயர் மேட்டில் இருக்கிறவனுக்கே போய்விட்டது, அவனுடைய பெண்டாட்டியும் அவனுடையவளாகவே போய்விட்டாளாம். பூசாரியம்மா சொல்கிறாள், நீ இப்போது யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. தெலேஸையும் கட்டிக்கொள்ளலாம், யாரையும் கட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம்.

முன்பு உன்னை உன் அப்பாவிடம் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்வாயா? கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். அங்கே சாடி தூக்கியவன், பலகையில் தனியாக மிஞ்சியவன், வார்த்தை இல்லாமல் துணி அனுப்பிய கோழை, எல்லாம் அந்த மண்மேட்டோடு ஒழியட்டும். அவன் உனக்கு எந்த நல்லதும் செய்யவில்லை. நாளை அந்த மேட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்போகிறேன், மண்வெட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

லாம்பிஸ்


உழவு மாதம், தேய்பிறை பன்னிரண்டாம் நாள்
அண்ணன் வீடு

லாம்பிஸுக்கு,

மண்வெட்டியைக் கீழே வை.

நீ என்று எழுதுகிறேனே என்று பார்க்காதே. பத்து நாள் பிள்ளையை யார் நீங்கள் என்று கூப்பிடுவார்கள்? நீ பெண் கேட்ட செய்தி எனக்கு முன்னால் மிர்த்தாலிக்குத் தெரிந்துவிட்டது. "இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள பொண்ணு கேக்குது பாரு" என்று கிணற்றடியில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டாள். என் அண்ணியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்ததும் அழுகை வந்துவிட்டது.

என் முட்டி ஆறிவிட்டது. மாமாவுக்குக் காலை வெயில் வேண்டும், மறந்துவிடாதே. தூக்கும்போது இடது கையை அவர் முதுகுக்குக் கீழே கொடு.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தகட்டைப் பாழாக்கினேன். என் அப்பா என்னைக் கேட்டதில்லை, கடலும் கேட்டதில்லை, மேலங்கி கொண்டுவந்தவனும் கேட்கவில்லை. நீ கேட்டாய். கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நன்றாக இருந்தது, அதனால் இரண்டு நாள் பதில் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தள்ளிப்போட்டதில் என்ன கிடைக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? சரி என்று சொல்கிறேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். கல்யாண மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் என் முடியும் கொஞ்சம் வளரும்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த மேடு அங்கேயே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் மேடு கட்டிய நாளில் நான் பாலும் தேனும் எடுத்துக்கொண்டு போவேன், நீயும் கூட வர வேண்டும். நான் அங்கே அழுவேன். அப்போது எத்தனை நேரமானாலும் தள்ளி நில், என்னைத் தேற்றாதே. அவரைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசாதே. கோழை என்றும், ஒரு நல்லதும் செய்யாதவன் என்றும் எழுதியிருக்கிறாய். அவரைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு, நான் நிறையவே திட்டியிருக்கிறேன். நீ அவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் நான் பொறுக்க மாட்டேன். நான் ஒன்பது வருஷம் காத்திருந்தது அவருக்காக. உனக்காக இல்லை.

லிசில்லா